வெப்பம் ஏறினால் அமெரிசியம் முகடு காணாமல் போகிறது: உதவுங்கள்
நண்பர்களுக்கு வணக்கம். சிறிய செயற்கைக்கோளுக்கான காமாக் கதிர் உணரி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். கதிர் பட்டால் ஒளிரும் தாலியம் கலந்த சீசியம் அயோடைடு படிகம், அதன் முதுகில் அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கும் சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர். மொத்த மின்செலவு அரை வாட்டைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தலையெழுத்து.

அறை வெப்பநிலையில் குறையே இல்லை. சோதனைக்கு வைக்கும் கதிரியக்க மூலங்களில், சீசியம்-137இன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகடு (ஆற்றல் வரைபடத்தில் எழும் மேடு) கோபுரம் போல நிற்கிறது, அமெரிசியம்-241இன் 59.5உம் தெளிவாகத் தெரிகிறது. சோதனைப் பெட்டியில் 35 டிகிரி செல்சியஸைக் கடந்ததும் தொல்லை தொடங்குகிறது. 662 முகடு கீழே நகர்வது எதிர்பார்த்ததுதான்: வெப்பத்தோடு முறிவு மின்னழுத்தம் (உணரி துடிப்பைப் பெருக்கத் தொடங்கும் மின்னழுத்தம்) ஏறும், கொடுக்கும் மின்னழுத்தத்தை அப்படியே விட்டால் பெருக்கம் குறையும். அதைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் 59.5 முகடு இருள் துடிப்புகளின் (ஒளியே படாமல் உணரி தானாக எழுப்பும் துடிப்புகள்) இரைச்சலில் முழுதாக மூழ்கிவிடுகிறது.

மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றின் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அதைக் கழற்றிவிட்டு ஆய்வக மின்வழங்கியை இணைத்தும் இரைச்சல் மசியவில்லை. (ஒரு வாரம் வீண்.) பெல்டியர் குளிர்விப்பானை வைக்கச் சொன்னார் ஒருவர், அதற்கு மின்சாரத்துக்கு எங்கே போவது?

படிகத்தில் இரண்டு உணரிகளைப் பொருத்தி, இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் மட்டும் கணக்கில் எடுக்கும் முறையை யாராவது செய்திருக்கிறீர்களா? இந்தப் படிகத்தின் ஒளி அணைய ஏறத்தாழ 1 மைக்ரோவினாடி ஆகிறது. அப்படியிருக்க, கால இடைவெளியை எவ்வளவு குறுக்கினீர்கள்? சுற்றுப்பாதையில் புரோட்டான்கள் தாக்கினால் இருள் மின்னோட்டம் இன்னும் ஏறும். அதற்கும் சேர்த்து வாசல் அளவை (அதற்குக் கீழான துடிப்புகளை ஒதுக்கும் எல்லை) எங்கே வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.