எரிமலைலேர்ந்து வர்ற கார்பன் டை ஆக்சைடுதான் ஜாஸ்தியா?

சும்மா கேட்கிறேன்: ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, ஒரு எரிமலை வெடிச்சா மனுஷன் விடுற மொத்த புகையும் ஒண்ணுமேயில்லையாம். போதாக்குறைக்கு அளக்குற ஸ்டேஷனே ஹவாய்ல மௌனா லோவா எரிமலை மேலதான் இருக்காம், அப்ப அந்த கணக்கே தப்புதானே?

டீக்கடை பெஞ்ச்: எல்லா எரிமலையும் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு விடுறது நம்ம விடுறதுல 1 சதவீதம்கூட வராது ப்ரோ. 1991ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை எவ்ளோ பெருசா வெடிச்சுது, அந்த சமயத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுற வேகம் கொறஞ்சுதான் போச்சு.

மொட்டைமாடி: ஸ்டேஷன் மேட்டர் நல்ல கேள்விதான். எரிமலை வாயு வந்தா ரீடிங் திடீர்னு குதிக்கும், அதைக் கழிச்சுட்டுதான் கணக்கு எடுப்பாங்க. 1958ல கீலிங்னு ஒரு விஞ்ஞானி அங்க அளக்க ஆரம்பிச்சப்போ சுமார் 315 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 315 பங்கு), இப்ப 420ஐ தாண்டியாச்சு, எரிமலையே இல்லாத தென் துருவ ஸ்டேஷன்லயும் இதே ஏத்தம்தான், அதுக்கு உங்க ஆபீஸ்காரர் என்ன சொல்வாராம்?

கேள்வி கேட்டவர்: கடல்லேர்ந்து வருதுன்னு சொல்வாரு 😀

மொட்டைமாடி: கடல் வாங்கிக்கிட்டுதான் இருக்கு அண்ணே, அதான் அமிலத்தன்மை ஏறுது. இன்னொண்ணு, நிலக்கரி பெட்ரோல்ல கார்பன்-13 (கார்பன்லயே கொஞ்சம் கனமான வகை) கம்மி, காத்துலயும் அதோட பங்கு கொறஞ்சுட்டே வருது, எரிமலையா இருந்தா அப்படி கொறையாது. எரிக்கிறதுக்கு ஆக்சிஜன் வேணும்ல, அதுவும் துளித்துளியா எறங்குது.

டீக்கடை பெஞ்ச்: 2022ல மௌனா லோவா வெடிச்சப்போ ஸ்டேஷனுக்குப் போற ரோடே லாவால போயிடுச்சு, பக்கத்து மலை மௌனா கேயாலேர்ந்து அளந்தாங்க. அப்பவும் அதே ஏத்தம்தான்.