மேவன் (ஜாவா), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), டாக்கர் (கண்டெய்னர்) மூணுக்கும் சேர்த்து எந்த ரெபோ மேனேஜர் (பில்ட் ஃபைல், லைப்ரரி எல்லாம் சேமிச்சு வைக்கற சர்வர்) போடறது?

கோயம்புத்தூர்ல 14 பேர் டீம், ஆபீஸ்லயே ஒரு பழைய சர்வர், உபுண்டு 22.04, 8 ஜிபி ரேம், 500 ஜிபி டிஸ்க், பில்ட்ட தானா ஓட்டற ஜென்கின்ஸ் அதுலதான் ஓடுது. இதுவரைக்கும் பில்ட் ஆன ஜார் (ஜாவா பேக்கேஜ் ஃபைல்) எல்லாத்தையும் ஒரு ஷேர் ஃபோல்டர்ல போட்டு வச்சு ஓட்டிட்டிருந்தோம், போன மாசம் யாரோ அதே வெர்ஷன் நம்பர்ல வேற ஜார ஏத்திட்டாங்க, அது நேரா ப்ரொடக்‌ஷன் போயிடுச்சு. (யாருன்னு இன்னும் யாரும் ஒத்துக்கல.) நெட் போனா பில்டும் போச்சு, மேவன் சென்ட்ரல்ங்கற பொது லைப்ரரி சர்வர்ல இருந்து கேச் பண்ண எதுவும் இல்ல.

ரெண்டு வாரமா பார்த்த ரெபோ மேனேஜர்கள்: ஆர்க்கிவா 2024லயே ரிட்டயர் ஆயிடுச்சு. ஆர்ட்டிஃபேக்டரி ஓப்பன் சோர்ஸ்ல மேவன், கிரேடில் மாதிரி கொஞ்சம்தான், என்பிஎம், டாக்கர் ரெண்டும் இல்ல. நெக்ஸஸ் கம்யூனிட்டி எடிஷன் மூணுக்கும் ஓகே, ஆனா காம்பொனன்ட் (உள்ள வச்சிருக்கற பேக்கேஜ்) எண்ணிக்கைக்கும் ஒரு நாள் ரிக்வெஸ்ட்டுக்கும் லிமிட் வச்சிருக்காங்க, நாங்க சிஐல (ஜென்கின்ஸ் பில்ட்ல) அடிக்கற அடிக்கு தாங்குமான்னு பயம். காசு கட்டற வெர்ஷன்னு சொன்னாலே மேனேஜர் பேச்ச மாத்திடறார்.

இப்போதைக்கு மேவனுக்கு ரெபோசிலைட், என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ, டாக்கருக்கு டாக்கர் ரெஜிஸ்ட்ரி மூணையும் தனித்தனியா டெஸ்ட்டுக்கு போட்டிருக்கேன், ஓடுது, ஆனா யூசர், பேக்கப், க்ளீனப் எல்லாமே மூணு மூணு தடவ.

இதே அளவு டீம்ல நெக்ஸஸ் கம்யூனிட்டி எடிஷன் ஓட்டறவங்க இருக்கீங்களா, லிமிட் எப்பவாச்சும் இடிச்சுதா?