ரூட் அண்ட் கேடி இசைத்தாள்: அச்சான ஆண்டைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். பழைய அமெரிக்க இசைத்தாள்களில் (பாடலின் இசைக்குறிப்பை அச்சிட்டு விற்ற தாள்கள்) பழக்கமுள்ளவர்கள் யாராவது கைகொடுங்கள்.

என்னிடம் ஹென்றி கிளே வொர்க் எழுதிய ‘கிங்டம் கமிங்’ பாடலின் பிரதி இருக்கிறது. 1862-இல் இதை முதலில் வெளியிட்டது சிகாகோவின் ரூட் அண்ட் கேடி பதிப்பகம். என் பிரதியின் அட்டையிலோ கிளீவ்லாந்தில் இருந்த பிரெய்னார்ட்ஸ் சன்ஸ் என்ற வேறொரு பதிப்பகத்தின் பெயர்! உள்ளே முதல் பக்கத்தின் அடியில் 1862 என்ற பதிப்புரிமை வரி அப்படியே இருக்கிறது, கூடவே சின்னதாக ஒரு தகடு எண் (அச்சுத் தகட்டுக்குப் பதிப்பகம் கொடுத்த எண்).

ரூட் அண்ட் கேடி 1858-இல் தொடங்கிய கடை. உள்நாட்டுப் போர் மூண்ட சில நாட்களுக்குள்ளேயே இசையமைப்பாளர் ஜார்ஜ் ரூட்டின் போர்ப்பாட்டை அச்சிட்டு விற்றவர்கள். நியூயார்க், பாஸ்டன் பதிப்பகங்களுக்கு நடுவே சிகாகோவை நிமிர வைத்த கடை என்றே சொல்வேன். 1871 அக்டோபரில் சிகாகோவில் பரவிய பெருந்தீ எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அப்புறம் இசைத்தாள் தகடுகள் பிரெய்னார்டுக்கும், புத்தகங்களின் உரிமை சின்சினாட்டியின் ஜான் சர்ச் பதிப்பகத்துக்கும் விலைபோயின.

ஆக, என் பிரதி தீக்குப் பிறகு பழைய தகட்டிலேயே அடித்த மறுஅச்சு என்று நினைக்கிறேன். ஆனால் எந்த ஆண்டு? அட்டையில் உள்ள கடை முகவரியை வைத்துச் சொல்ல முடியுமா? டீனா எப்ஸ்டீன் ரூட் அண்ட் கேடியைப் பற்றி எழுதிய நூலில் தகடு எண் பட்டியல் உண்டு. நூலை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பெரிய உதவி. என் பிரதியின் படங்களைக் கமெண்டில் போடுகிறேன்.