"ஐ டவுட்"னு எழுதினா அர்த்தம் தலைகீழாப் போகுது. டவுட்டுக்குப் பதில் எங்கே எந்த வார்த்தை?

மெயில்_மணி:
லண்டன் கிளையண்ட்டுக்குப் போன மெயிலில் மூணு வரி:

"ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபவுட் யுவர் டிசைன்."
"ஐ டவுட் தி டேட்டாபேஸ் இஸ் டவுன்."
"கேன் ஐ ஆஸ்க் எ டவுட்?"

முதல் வரிக்கு, "டிசைன்ல எது உங்களுக்குத் திருப்தியில்லை?"ன்னு கொஞ்சம் சூடா பதில். ரெண்டாவதுக்கு, "சரி, டேட்டாபேஸ் இல்லேன்னா வேற எங்கே கோளாறு?" மூணாவதைக் கண்டுக்கவே இல்லை. டவுட்னா சந்தேகம்தானே? எங்கே தப்பு?

சொல்தச்சன்:
தப்பு சந்தேகம் என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் அது மூன்று ஆள் வேலை பார்க்கிறது. பாடத்தில் புரியாததைக் கேட்பதும் சந்தேகம், "நடக்குமா?" என்று நம்பாமல் இருப்பதும் சந்தேகம், "இவன்தான் எடுத்திருப்பான்" என்பதும் சந்தேகம். ஆங்கிலத்தில் முதலாவது கொஸ்டின், மூன்றாவது சஸ்பிஷன். நடுவில் இருக்கும் நம்பாமை மட்டும்தான் டவுட்.

ரெண்டாவது வரிதான் ஆபத்து. "ஐ டவுட்" என்றால் "அப்படி இருக்காதுன்னு நினைக்கிறேன்." அதனால் கிளையண்ட் படித்தது: டேட்டாபேஸ் விழுந்திருக்காது. நீங்கள் சொல்ல வந்ததோ விழுந்திருக்கும் என்று. அங்கே சஸ்பெக்ட் வர வேண்டும்: "ஐ சஸ்பெக்ட் தி டேட்டாபேஸ் இஸ் டவுன்." காசு காணாமல் போன இடத்தில் "ஐ டவுட் ஹி டுக் தி மனி" என்று சொன்னால் அந்த ஆளுக்கு நற்சான்று கொடுக்கிறீர்கள், "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் தி மனி" என்றால் மாட்டிவிடுகிறீர்கள்.

அனுப்புவதற்கு முன் டவுட் வரும் இடத்தில் "இருக்காது, நடக்காது" என்று வைத்துப் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் டவுட். "இருக்கும் போலிருக்கு" என்றால்தான் நிற்கிறது என்றால் சஸ்பெக்ட்.

முதல் வரிக்கு "ஐ ஹேவ் எ ஃப்யூ கொஸ்டின்ஸ் அபவுட் தி டிசைன்." டவுட்ஸ் அபவுட் என்றால் "இந்த டிசைன் தேறுமா?" என்று கேட்டது போல. சூடு அங்கிருந்துதான் வந்தது. மூன்றாவதில் ஆஸ்க் என்ற வினைக்கு டவுட் ஒட்டாது, கொஸ்டின்தான் ஒட்டும். நம்ம ஊர் வகுப்பறையில் எல்லோருக்கும் புரியும், கேட்டுப் பழகிய காது. ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் இதே குழியில் விழுவார்கள். அவர்களுடைய 'தூதா'வும் நம் சந்தேகம் மாதிரி கேள்விக்கும் சேர்த்து ஓடும்.

மெயில்_மணி:
ரெண்டாவது வரி இப்பதான் உறைக்குது. எல்லா இடத்திலும் கொஸ்டின்னு போட்டா பள்ளிக்கூடம் மாதிரி இருக்காதா? க்வெரி, கிளாரிஃபை, கன்சர்ன் இதெல்லாம்?

கோப்புக்காரி:
கொஸ்டின் பள்ளிக்கூடச் சொல் இல்லைங்க, கம்பெனித் தலைவருக்கும் அதையே எழுதலாம். "குவிக் கொஸ்டின்" என்று ஆரம்பிக்கும் மெயில் அங்கே தினமும் ஓடுகிறது.

க்வெரி கொஞ்சம் ஆபீஸ் வாசனை. பில், கணக்கு, ஆர்டர் மாதிரி விஷயங்களில் "இது சரிதானா?" என்று கேட்கும்போது பொருந்தும். ஆனால் நீங்கள் டேட்டாபேஸ் ஆள். "ஐ ஹேவ் எ க்வெரி" என்றால் எஸ்க்யூஎல் க்வெரியை (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) அட்டாச் பண்ண மறந்துவிட்டீர்களோ என்று தேடுவார்கள்.

கிளாரிஃபைதான் அதிகம் சறுக்கும் சொல். தெளிவுபடுத்துவது விஷயம் தெரிந்தவர் வேலை. "ஐ வான்ட் டு கிளாரிஃபை பாயின்ட் 4" என்று எழுதினால் நீங்கள் விளக்கப் போகிறீர்கள் என்று காத்திருப்பார்கள், நீங்கள் அவர் பதிலுக்குக் காத்திருப்பீர்கள், ரெண்டு நாள் போய்விடும். கேட்பது நீங்கள் என்றால் "குட் யூ கிளாரிஃபை பாயின்ட் 4?"

கன்சர்ன், ரிசர்வேஷன்ஸ் ரெண்டும் கேள்விக்கு ஆகாது. நிஜமாகவே டிசைனில் ஓட்டை தெரிந்தால் "ஐ ஹேவ் எ கன்சர்ன் அபவுட் தி லாகின் ஃப்ளோ" என்பது தன்மையாகச் சொல்லும் வழி. ரிசர்வேஷன்ஸ் என்றால் முழு மனசாக ஒத்துக்கொள்ள முடியாத தயக்கம் (இங்கே ரயிலுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் வேலை இல்லை). டியூபியஸ் வேண்டவே வேண்டாம். "டியூபியஸ் டிசைன்" என்றால் அதன் யோக்கியதையையே கேள்வி கேட்டது போலாகும்.

சொல்தச்சன்:
ஒன்று சேர்க்கிறேன். 'நோ டவுட்'டை "சந்தேகமே இல்லை" என்று நம்பிப் போடாதீர்கள். "நோ டவுட் யூ ஆர் பிஸி, பட்..." என்றால் "நீங்க பிஸியாத்தான் இருப்பீங்க, ஆனா..." என்கிற இழுவை. அடித்துச் சொல்ல "வித்தவுட் எ டவுட்" அல்லது "தேர் இஸ் நோ டவுட் தட்". டவுட்லெஸ் பார்க்கக் கறாராகத் தெரிந்தாலும் 'நோ டவுட்' கட்சிதான்.

சந்தேகமும் டவுட்டும் கச்சிதமாகப் பொருந்தும் இடமும் உண்டு: கோர்ட். "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று பேப்பரில் வருகிறதே, அது அப்படியே 'பெனிஃபிட் ஆஃப் தி டவுட்'. குற்றம் நிரூபணமானதாக நம்ப முடியவில்லை என்பதுதான் அங்கே சந்தேகம்.

பழைய_அகராதி:
மணி தம்பி எழுதியது ஸ்காட்லாந்தில் சரியாகவே இருந்திருக்கும்! "ஐ டவுட் இட்'ல் ரெயின்" என்றால் அங்கே பழைய வழக்கில் "மழை வந்துடும் போலிருக்கே" என்று பொருள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்திலும் இது சாதாரணம். அவருடைய ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில் இளவரசன் "ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே" என்கிறான். ஏதோ சூது நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறான், நடக்கவில்லை என்று அல்ல.

இன்னொன்று, டவுட்டின் ஆங்கில எழுத்தில் (doubt) வரும் 'பி'யை உச்சரிக்க வேண்டாம். ஃபிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்தே கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டுமென்று படித்தவர்கள் பின்னாளில் செருகியது. கடனைக் குறிக்கும் டெட்டிலும் (debt) அதே கைவரிசை.

மெயில்_மணி:
நன்றி சார், நன்றிங்க. மாத்திட்டேன்: "ஐ ஹேவ் த்ரீ கொஸ்டின்ஸ் அபவுட் தி டிசைன். ஐ சஸ்பெக்ட் யுவர் நெட்வொர்க் டீம். குட் யூ கிளாரிஃபை பாயின்ட் 4?" அனுப்பலாமா?

கோப்புக்காரி:
நில்லுங்க! சஸ்பெக்ட்டுக்குப் பக்கத்தில் ஆளை நேராக வைத்தால் அது குற்றச்சாட்டு, போலீஸ் பாஷை. ஆளை எடுத்துவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள், அதாவது ஏதோ ஒரு பாதுகாப்பு விதி இணைப்பைத் தடுக்கிறது போலிருக்கு என்று: "ஐ சஸ்பெக்ட் எ ஃபயர்வால் ரூல் இஸ் பிளாக்கிங் தி கனெக்‌ஷன்." முதலும் கடைசியும் அப்படியே போகலாம்.