87 டெசிபல் ஸ்பீக்கருக்கு எந்த வால்வு?

கேள்வி:
பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஸ்பீக்கரின் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம்) 87 டெசிபல். வாய்ப்பாட்டும் வீணையும்தான் அதிகம் கேட்கிறேன். சேனலுக்கு ஒரே 300பி வால்வு (ஒலி மின்னலையைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்) உள்ள ஆம்ப்ளிஃபையர்மீது ஆசை. கடைக்காரரோ கேடி88 வால்வு என்கிறார். எதை வாங்கலாம்?

பதில் 1:
ஆசைப்படுமுன் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒற்றை 300பி தருவது சுமார் 8 வாட். 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது தாராளம். உங்களுடையதில் தனி வீணை அழகாகவே ஒலிக்கும். மிருதங்கம் சேர்ந்து சத்தத்தைக் கூட்டினால் தொப்பியின் (மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கம்) அடி மழுங்கிவிடும். என் வீட்டில் சேனலுக்கு இரண்டு இஎல்34 வால்வு, புஷ்-புல் (ஒலியலையின் இரு பாதிகளையும் இரண்டும் பகிர்ந்துகொள்ளும் முறை), 35 வாட். பாடகர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது. அதையே வாங்குங்கள்.

பதில் 2:
கேடி88 நல்ல வால்வுதான். ஆனால் அதைப் போட்டு 35 வாட் 50 ஆனால் கூடுவது 2 டெசிபல்கூட இல்லை. அதற்காக இவ்வளவு விலையும் வெப்பமுமா? மே மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும் கடைக்காரர்!

கேள்வி கேட்டவர்:
நன்றி. இஎல்34 வாங்கிவிட்டுப் பிறகு கேடி88 மாற்றிப் போடலாமா?

பதில் 1:
இரண்டும் ஒரே எட்டுமுனை சாக்கெட்டில் உட்காரும் என்பதால் வரும் சபலம் இது. பயஸ் (வால்வில் பாட்டில்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) வேறு, வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கான மின்னோட்டமும் 1.5 ஆம்பியரிலிருந்து 1.6 ஆகும். தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும், பயஸைத் திருத்திவிட்டுப் போடுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். ஸ்பீக்கரை இணைக்காமல் பாட்டுப் போடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.