மறு: டன்மாக்குவுக்குத் தமிழ்ச்சொல்: குண்டுமழையா, சரமாரியா?

வணக்கம். டோவாபிளான் என்ற ஜப்பானிய வீடியோ ஆட்ட நிறுவனம் பற்றிய நம் கட்டுரைக்காக, டன்மாக்கு (திரை முழுக்கத் தோட்டாக்கள் நிரம்பும் சுடும் ஆட்ட வகை) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘குண்டுமழை’ என்றே வைத்துவிடலாமே. கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் டோவாபிளான் கட்டுரையில் இரண்டாவது பத்தியிலேயே அந்தச் சொல் காலை வாரிவிடும். 1985இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய டைகர் ஹெலி என்ற ஹெலிகாப்டர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டரின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகக் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் வெடித்து அக்கம்பக்கத்தைத் துடைத்துப்போடும். எதிரி சுட்டது அந்தக் குண்டின் மேல் பட்டாலும் அது வெடித்துவிடும். இந்த ஒரு வரியை எழுதவே நமக்கு இரண்டு சொல் வேண்டும். பத்திரிகைத் தமிழில் துப்பாக்கியிலிருந்து வருவதும் குண்டு, விமானத்திலிருந்து விழுவதும் குண்டு. நாம் குண்டை வெடிப்பதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, சுடுவதைத் தோட்டா என்போம்.

அடுத்து, நேற்று ஐயா முன்வைத்த ‘சரமாரி’. எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. அம்பு மழை என்ற பழம்பொருளை மறந்துவிட்டு ‘சரமாரியாகச் சுட்டனர்’ என்று தினமும் எழுதுகிறோம். சிக்கலும் அங்கேதான். சரமாரி என்றாலே வேகம், கண்மண் தெரியாத அடி. டன்மாக்கு அப்படி இல்லை.

1987இல் வந்த கியூக்யோகு டைகரில் (வெளிநாடுகளில் ட்வின் கோப்ரா) தோட்டாக்கள் குறைவு, ஆனால் குறிபார்த்து விருட்டென்று வரும். 1993இல் வந்த பாட்சுகன் இதைத் தலைகீழாக்கியது. தோட்டாக்கள் ஏராளம், வேகம் குறைவு. விசிறி போல விரிந்து, வரிசை வரிசையாக, கோலம் போட்டதுபோல இறங்கும். ஆடுபவர் இடைவெளியைக் கண்டுபிடித்து நுழைய வேண்டும். பார்த்தால் துணியில் ஓட்டை தேடுவது போலத்தான் இருக்கும். மழையில் யாரும் ஓட்டை தேடுவதில்லை.

ஜப்பானியச் சொல்லும் இதைத்தான் சொல்கிறது. டன் என்றால் தோட்டா, மாக்கு என்றால் திரை. பீரங்கிப் படையிலிருந்து வந்த சொல். ஆகவே என் பரிந்துரை: தோட்டாத்திரை.

‘திரை என்றால் கணினித்திரையோடு குழம்புமே’ என்பவர்களுக்கு: ஜப்பானியரும் வெள்ளித்திரையை கின்மாக்கு என்கிறார்கள், அதே மாக்குதான். அவர்கள் குழம்பவில்லை, நாமும் குழம்ப மாட்டோம். தோட்டா தமிழ்தானா என்று கேட்பவர்கள் ‘கணைத்திரை’ என்று வைத்துக்கொள்ளலாம். ஏவுகணை ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் மேடைத்தமிழாகப் படுகிறது.

ஆங்கிலத்தின் ‘புல்லட் ஹெல்’லைப் பார்த்து ‘தோட்டா நரகம்’ என்று எழுதுவது மட்டும் வேண்டாம். ஜப்பானியச் சொல்லில் நரகமே இல்லை. டோவாபிளானின் ஜீரோ விங் (1989) என்ற ஆட்டம் மெகா டிரைவ் என்ற வீட்டு ஆட்டக்கருவிக்குப் போனபோது முன்கதையை அரைகுறை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள்; அந்தக் கோளாறுதான் பத்தாண்டு கழித்து இணையம் முழுக்கக் கேலியாகச் சுற்றியது. ஆட்டத்தை ஆடாதவர்களுக்கும் ‘All your base are belong to us’ என்ற அந்த வசனம் தெரியும். நமக்கு அந்தப் புகழ் வேண்டாம்!

இன்னொரு சொல் பாக்கி. இத்தனை தோட்டாக்களுக்கு நடுவே பிழைக்க முடிவதற்குக் காரணம், விமானத்தின் இறக்கையில் பட்டால் உயிர் போகாது, நடுவில் உள்ள சின்ன இடத்தில் பட்டால்தான் போகும். அதற்கு ‘படுபுள்ளி’ என்று ஒருவர் தந்திருந்தார். சுருக்கமாக இருக்கிறது. ஆனால் வர்மப்புள்ளி என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு திருத்தம். 1994இல் நிறுவனம் திவாலானதோடு முடித்திருக்கிறீர்கள். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து, காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களைச் சண்டை ஆட்டங்கள் பக்கம் இழுத்துப்போனதையும், கலைந்தவர்களில் சிலர் கேவ் என்ற நிறுவனத்தில் சேர்ந்து 1995இல் டொன்பாச்சி, 1997இல் டொடொன்பாச்சி செய்ததையும் சேர்க்க வேண்டும். தோட்டாத்திரை ஒரு தனி வகையாகவே நிலைத்தது அங்கேதான். வரைவை நானே திருத்தி அனுப்புகிறேன். குண்டு, தோட்டா பிரிவினைக்கு மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள்.