ஜாங்கோ: கோட் (code) திருத்திய பிறகும் டெஸ்ட் அதே இடத்தில் ஃபெயில் ஆகிறது

செங்காந்தள்:
ஜாங்கோவுக்கு (பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்) முதல் பேட்ச், அதாவது கோட் திருத்தம், அனுப்பலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஜாங்கோவின் பிழைகளைப் பதியும் தளமான ட்ராக்கில் ‘ஈஸி பிக்கிங்ஸ்’ (புதியவர்களுக்கு எளிது) குறியுள்ள டிக்கெட் ஒன்று, ஃபார்ம்ஸ் பகுதியில் சின்னப் பிழை. உபுண்டு 24.04, பைத்தான் 3.12, தனி வென்வ் (பைத்தான் பேக்கேஜ்களுக்கான தனிச் சூழல்). பிழையைக் காட்டும் டெஸ்டை முதலில் எழுதினேன், எதிர்பார்த்தபடி ஃபெயில். ஃபார்ம்ஸ் கோடைத் திருத்திய பிறகும் அதே ஃபெயில். திருத்திய ஃபங்ஷனுக்குள் பிரின்ட் போட்டால் எதுவும் வரவில்லை. டெஸ்ட் ஃபைலில் போட்டால் வருகிறது! பைத்தான் தானாகச் சேமிக்கும் பைக்கேச் ஃபோல்டர்களை எல்லாம் அழித்துப் பார்த்தாயிற்று. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

அகல்விளக்கு:
பைக்கேச் பாவம், அதை விடுங்கள். ரன்டெஸ்ட்ஸை (ஜாங்கோவின் டெஸ்டுகளை ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஓட்டியதும் முதல் வரியில் ‘டெஸ்டிங் அகெய்ன்ஸ்ட் ஜாங்கோ இன்ஸ்டால்டு இன்’ என்று ஒரு பாத் வரும். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. உங்களுக்கு எந்த ஃபோல்டர் வருகிறது?

செங்காந்தள்:
நான் திருத்தும் ஃபோல்டர் இல்லை! முதலில் ஜாங்கோவின் அசல் ரெப்போவை (கோட் களஞ்சியம்) என் மெஷினுக்குக் குளோன் செய்து டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து (என் கணக்கில் நகல் எடுத்து), அதை வேறு ஃபோல்டரில் குளோன் செய்தேன். அந்த முதல் ஃபோல்டரைத்தான் காட்டுகிறது. வென்வ் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அகல்விளக்கு:
அப்போது சரியாகத்தான் நடக்கிறது. ரன்டெஸ்ட்ஸ் தன் பக்கத்தில் இருக்கும் டெஸ்டுகளை எடுத்துக்கொள்ளும், ஆனால் ஜாங்கோவை வென்வில் எது இன்ஸ்டால் ஆகியிருக்கிறதோ அங்கிருந்துதான் இம்போர்ட் செய்யும். மேல் ஃபோல்டரைத் தானாகத் தேடாது. அதனால் டெஸ்ட் புது குளோனிலிருந்து, ஜாங்கோ பழைய குளோனிலிருந்து.

ஃபோர்க்கின் டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய், வென்வ் ஆக்டிவேட் ஆன நிலையில் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -இ ..’ கொடுங்கள். மேல் ஃபோல்டரைக் குறிக்கும் அந்த இரண்டு புள்ளியை விட்டுவிடாதீர்கள். பிறகு முதல் வரியில் பாத் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு குளோனே வேண்டாம். ஃபோர்க்கின் குளோனை மட்டும் வைத்துக்கொண்டு, அசல் ரெப்போவை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற ரிமோட்டாக (வெளி ரெப்போ முகவரியாக) சேர்த்தால் போதும்.

செங்காந்தள்:
பாத் மாறிவிட்டது, டெஸ்டும் பாஸ்! ரொம்ப நன்றி. இன்னொன்று: ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை இன்ஸ்டால் செய்யும்போது பைலிப்எம்சியில் பில்ட் எரர் வந்து மொத்தமும் நின்றுவிடுகிறது.

நொச்சி:
அது மெம்கேஷ்டு என்ற கேஷ் சர்வர் சம்பந்தப்பட்டது. சி ஹெடர் ஃபைல்கள் இல்லாமல் பில்ட் ஆகாது. ஆப்டில் (உபுண்டுவில் பேக்கேஜ் போடும் கருவி) லிப்மெம்கேஷ்டு, ஜெட்லிப் இரண்டின் டெவ் பேக்கேஜ்களையும் போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். அவசரம் என்றால் அந்த வரியை உங்கள் மெஷினில் மட்டும் கமென்ட் செய்துகொள்ளலாம், கமிட்டில் (நீங்கள் பதிவு செய்து அனுப்பும் மாற்றங்களில்) மட்டும் சேர்ந்துவிடக் கூடாது. இல்லாத லைப்ரரிக்கான டெஸ்டுகளை ஜாங்கோ ஸ்கிப் செய்துவிடும். ஃபார்ம்ஸ் வேலைக்கு மெம்கேஷ்டே தேவையில்லை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் வேண்டாம், டிஃபால்ட்டாக எஸ்கியூலைட்டில்தான் ஓடும்.

ட்ரேஸ்பேக் (எரர் விவரம்) குழப்பமாக வந்தால் பேரலல் மதிப்பை (ஒரே நேரத்தில் ஓடும் புராசஸ்களின் எண்ணிக்கை) 1 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.

செங்காந்தள்:
அதுவும் ஆயிற்று. இனி புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டுவிடலாமா?

அகல்விளக்கு:
டிக்கெட் ‘அக்செப்டெட்’ நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காத்திருப்பது நல்லது. ஏற்கப்படாத டிக்கெட்டுக்கு எழுதும் கோடு பெரும்பாலும் வீண். இருந்தால் உங்கள் பெயருக்கு அசைன் செய்துகொள்ளுங்கள். வேறு ஒருவர் பெயரில் ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தால், கமென்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

பிரீ-கமிட்டை இன்ஸ்டால் செய்துவிடுங்கள். கோட் வடிவத்தைச் சரிபார்க்கும் பிளாக், ஐசார்ட், ஃபிளேக்8 மூன்றையும் ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் அதுவே ஓட்டிவிடும். இல்லாவிட்டால் ரிவ்யூவரின் முதல் கமென்டே ஸ்பேஸைப் பற்றித்தான் இருக்கும். கமிட் மெசேஜ் ‘ஃபிக்ஸ்டு’, டிக்கெட் எண், இரண்டு ஹைஃபன் (--), பிறகு ஒரு வரி விளக்கம் என்ற வடிவில். கடைசியில் முற்றுப்புள்ளி கட்டாயம், அதைக்கூடப் பார்க்கிறார்கள்! பிரான்ச் மெயினிலிருந்து பிரிந்ததாக இருக்கட்டும். பழைய வெர்ஷன்களுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை மெர்ஜ் செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நொச்சி:
புல் ரிக்வெஸ்ட் போட்டதும் ட்ராக்குக்குத் திரும்பிப் போய் ‘ஹேஸ் பேட்ச்’ என்பதை டிக் செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் பட்டியலில் உங்கள் டிக்கெட் வராது. ரிவ்யூவில் ‘பேட்ச் நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’ என்று குறித்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். திருத்திய பிறகு அந்தக் குறியை நீங்களே எடுத்துவிடலாம். எடுத்தால்தான் மறுபடி பட்டியலில் வரும்.

செங்காந்தள்:
டிக்கெட் ‘அக்செப்டெட்’ தான், யார் பெயரிலும் இல்லை. என் பெயருக்கு மாற்றிவிட்டேன். பிரீ-கமிட் ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் புல் ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு டிக் செய்துவிடுகிறேன்.